வானொலி காப்பாற்றிக் கொடுத்த வித்வான்: வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்ளர்

ஆல் இந்தியா ரேடியோவில் காலை ஒலிபரப்பு தொடங்குமுன் ஒலித்த அந்த அடையாள இசையை அறியாதவர் நம் அங்கத்தினர்களில் இருக்க முடியாது. டெல்லி, நாக்பூர், ஜாம்ஷெட்பூர் என்று எந்த ஊரில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கும், முதல் டிகாக்‌ஷன் வாசனையோடு சேர்ந்து வந்த இசை அது. சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அதை அமைத்தவர் நம் நாட்டவர் அல்லர். அவர் பெயர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த யூதர். பெர்லினில் இசை பயின்றவர். ஹிட்லர் ஆட்சி தலையெடுத்ததும் 1934-ல் பம்பாய் வந்து சேர்ந்து, பின்னர் வானொலி நிலையத்தின் மேல்நாட்டு இசைப் பிரிவைக் கவனித்து, 1946 வரை இங்கே இருந்தார்.

காஃப்மனைப் போல அந்த ஆண்டுகளில் ஜெர்மனியையும் அதன் அண்டை நாடுகளையும் விட்டு வெளியேறிய இசைவாணர்கள் ஏராளம். வெளியேறக்கூடிய வசதியும் புகழும் இருந்தும், வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தும், வெளியேறாமல் பெர்லினிலேயே தங்கிவிட்ட ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இசைக்குழு நடத்துநர்களில் ஒருவர் என்று சங்கீத உலகம் அவரை இன்றும் கொண்டாடுகிறது. அதே உலகம் அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறது. இரண்டுக்கும் ஆதாரமாக இருப்பவை வானொலி நிலையங்கள் பதிவு செய்து வைத்த சில ஒலிநாடாக்களும், அவற்றைத் தேடி எடுத்து வெளியிட்ட சில சிறிய இசைத்தட்டு நிறுவனங்களும்தான். இதில் விசித்திரம், அந்த மனிதருக்கு ஒலிப்பதிவு என்றாலே பிடிக்காது.

இளமை

வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்ளர் 1886 ஜனவரி 25-ம் தேதி பெர்லினில் பிறந்தார். தந்தை அடால்ஃப் புகழ் பெற்ற தொல்லியல் பேராசிரியர். கிரேக்க நாட்டில் ஒலிம்பியா, ஈஜினா போன்ற இடங்களில் அகழாய்வு செய்தவர். தாயார் ஓவியர். தந்தைக்கு மியூனிக் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே குடியேறியது. பையனைப் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டிலேயே தனி ஆசிரியர்கள் வைத்துக் கற்பித்தார்கள். கிரேக்கச் சிற்பம், ஜெர்மன் கவிதை, பீத்தோவனின் சங்கீதம் மூன்றும் ஒன்றாகவே அந்தப் பிள்ளையின் மனதில் இறங்கின. வித்யை என்பது பிழைப்புக்கான கருவி என்று நினைக்காத குடும்பங்கள் நம்மிடையேயும் இருந்தன. அப்படிப்பட்ட வீடு அது என்று சொன்னால் அங்கத்தினர்களுக்குப் புரியும்.

தாம் ஒரு சாகித்யகர்த்தா என்றுதான் அவர் கடைசி வரை தம்மைக் கருதினார். மூன்று சிம்பொனிகள் எழுதியிருக்கிறார். குழு நடத்துவது முதலில் ஜீவனத்துக்கு ஏற்பட்ட வழி. 1906-ல், இருபது வயதில், மியூனிக் நகரில் முதல் கச்சேரி. எடுத்துக்கொண்டது புரூக்னரின் ஒன்பதாவது சிம்பொனி. அனுபவஸ்தர்களே தயங்கும் உருப்படி. அடுத்த ஆண்டே தந்தை ஏதென்ஸில் காலமானார். பிறகு ஸ்ட்ராஸ்பர்க், லூபெக், மன்ஹைம் என்று ஊர் ஊராகப் பணி. நம்மில் பலர் டிரான்ஸ்பர் ஆர்டரோடு பெட்டி படுக்கையைக் கட்டியதுபோல அவரும் கட்டினார். 1922-ல் ஆர்தர் நிகிஷ் என்ற மாமேதை மறைந்தபோது, அவர் வகித்த பெர்லின் ஃபில்ஹார்மோனிக், லைப்ஸிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் ஆகிய இரண்டு பெரும் குழுக்களின் பொறுப்பும் இந்த முப்பத்தாறு வயதுக்காரரிடம் வந்து சேர்ந்தது.

தட்டில் அடங்காத சங்கீதம்

நடத்துநர் என்பவர் தாம் எந்த வாத்தியமும் வாசிக்காமல், கையில் ஒரு சிறு கோலோடு நின்று, எழுபது எண்பது வித்வான்களை ஒரே மனதாக வாசிக்க வைப்பவர். எழுதப்பட்ட ஸ்வரங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். காலப் பிரமாணம், அழுத்தம், மௌனம் ஆகியவற்றில்தான் ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு. ஃபுர்ட்வெங்ளரின் கோல் தாளத்தைத் தெளிவாகக் காட்டாது, நடுங்கிக்கொண்டு இறங்கும். எங்கே வாசிக்கத் தொடங்குவது என்று புதிதாக வந்தவர்கள் திணறுவார்களாம். ஆனால் அந்தத் தெளிவின்மையிலிருந்துதான் அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற நாதம் கிளம்பியது. காலப் பிரமாணத்தை இறுக்கியும் தளர்த்தியும், ஒரு மணி நேர சிம்பொனியை ஒரே மூச்சாக எழுப்பிக் காட்டுவார். இதற்கு அடிப்படையான ஞானத்தை வியன்னாவில் இருந்த ஹைன்ரிஹ் ஷெங்கர் என்ற இசை ஆய்வாளரிடம் பல ஆண்டுகள் போய்க் கேட்டு விவாதித்துப் பெற்றார். ஷெங்கர் யூதர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு அந்தக் கால இசைத்தட்டு எப்படிப் பிடிக்கும்? நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பெரிய தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. 1926-ல் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பதிவு செய்தபோது, நாலு நாலு நிமிடத் துண்டுகளாக நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டியிருந்தது. ஆலாபனையும் நிரவலுமாக முக்கால் மணி நேரம் பாடக்கூடிய நம் வித்வான்கள், அதே காலத்தில், ஒரு கீர்த்தனையை மூன்றரை நிமிடத்தில் அடக்கிக் கொடுத்த தட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும். சங்கீதம் என்பது ஒரு சபையில், ஒரு மாலையில், கேட்பவர்கள் முன்னிலையில் பிறப்பது. அதைக் கூடத்தில் வைத்துத் துண்டு போட முடியாது என்பது அவர் கொள்கை.

தங்கியவர்

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். யூத இசைவாணர்களை வெளியேற்றும் வேலை சில வாரங்களிலேயே தொடங்கியது. இத்தாலியரான டோஸ்கனினி இதைக் கண்டித்து, பைராய்ட் விழாவில் இனி நடத்துவதில்லை என்று விலகினார். ஃபுர்ட்வெங்ளர் வேறு வழியில் போனார். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கலையில் நல்லது, கெட்டது என்ற பிரிவுதான் உண்டே தவிர, யூதர், யூதர் அல்லாதார் என்ற பிரிவு கூடாது என்பது அதன் சாரம். 1933 ஏப்ரலில் பத்திரிகையில் அது வெளிவந்தது. அதே ஆண்டில் பிரஷ்ய அரசின் கௌரவ ஆலோசகர் பட்டத்தையும், அரசு இசைக் கழகத்தின் துணைத் தலைவர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1934 மார்ச்சில் ஹிண்டெமித் என்ற நவீன இசையமைப்பாளரின் புதிய சிம்பொனியை நடத்தினார். ஆட்சியாளர்களுக்கு ஹிண்டெமித்தைப் பிடிக்காது. எதிர்ப்பு வலுத்தபோது நவம்பர் மாதம் அவரை ஆதரித்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அரங்கில் ஜனங்கள் எழுந்து நின்று கரவொலி செய்தது அரசுக்குப் பொறுக்கவில்லை. டிசம்பர் மாதம் எல்லாப் பதவிகளையும் ராஜினாமா செய்தார். அத்தோடு நின்றிருந்தால் அவருடைய சரித்திரம் எளிமையாக முடிந்திருக்கும். 1935 ஏப்ரலில் மீண்டும் கோலைக் கையில் எடுத்தார். பதவி ஏதும் இல்லாமல், அழைப்பின் பேரில் வந்து நடத்துபவராக இருந்துகொள்வது என்று ஏற்பாடு. 1936-ல் டோஸ்கனினிக்குப் பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவை ஏற்கும்படி அழைப்பு வந்தது. அங்கே கடும் எதிர்ப்புக் கிளம்பவே மறுத்துவிட்டார். அவருடைய அந்தரங்கச் செயலாளராக நெடுநாள் பணிபுரிந்த பெர்ட்டா கைஸ்மார் என்ற யூதப் பெண்மணி நாட்டை விட்டு வெளியேறி, லண்டனில் சர் தாமஸ் பீச்சமிடம் சேர்ந்தார்.

நாஜிக் கட்சியில் அவர் ஒருநாளும் அங்கத்தினர் அல்லர். யூத இசைவாணர்கள் பலருக்கு அவர் செய்த உதவி பின்னர் விசாரணையில் சாட்சிகளால் நிரூபணமாயிற்று. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் கச்சேரி செய்ய மறுத்தார். ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட பிராகில் நடத்தினார். ஹிட்லரின் பிறந்த நாள் கச்சேரிகளிலிருந்து முன்பு தப்பித்தவர், 1942 ஏப்ரல் 19-ம் தேதி மாட்டிக்கொண்டார். மனிதர்கள் எல்லோரும் சகோதரர்கள் என்ற கருத்தைப் பாடும் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை, பிறந்த நாளுக்கு முந்திய மாலையில் நடத்தினார். முடிந்ததும் கோயபல்ஸ் மேடையருகே வந்து கை குலுக்கியது படமாகவே இருக்கிறது.

நம் பட்டிமண்டபங்களில் கும்பகர்ணனா, விபீஷணனா என்று காலம் காலமாக வாதிடுகிறோம். இருவரும் ராவணனுக்கு நல்லதைத்தான் சொன்னார்கள். ஒருவன் சொல்லிவிட்டு விலகினான். மற்றவன் சொல்லிவிட்டுத் தங்கினான். ஃபுர்ட்வெங்ளர் தங்கியவர்.

அரிசியும் படியும்

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல வேண்டும். பௌதிகம் படித்தவனுக்கு இதை விட்டுச்செல்ல மனம் வராது.

ஒலியைக் காந்த நாடாவில் பதியும் மாக்னெட்டோஃபோன் என்ற கருவியை ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது. நாடாவைத் தயாரித்தது பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பூசியிருப்பார்கள். ஒலிக்கேற்ப மாறும் மின்சாரம் அந்தத் துகள்களைக் காந்தமாக்கும். 1936-ல் பீச்சமும் அவருடைய லண்டன் குழுவும் ஜெர்மனி வந்தபோது ஒரு கச்சேரியைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரைச்சலும் கரகரப்பும் அதிகமாக இருந்தன. காரணம், மெல்லிய ஒலிக்கு அந்தத் துகள்கள் சரியான விகிதத்தில் இணங்கி வருவதில்லை.

1940-ல் வானொலிப் பொறியாளர் வால்டர் வெபர் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். பழுதான ஒரு பெருக்கி தானாகவே உயர் அதிர்வெண் மின்சாரத்தைக் கிளப்பிவிட, நாடாவில் இரைச்சல் மாயமாய்க் குறைந்தது. வெபர் அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்சாரத்தை இசையோடு சேர்த்துக் கொடுத்தால், துகள்கள் மெல்லிய ஒலிக்கும் சரியாக இணங்குகின்றன. படியில் அரிசி அளக்கும்போது பக்கத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே கொட்டினால் அரிசி சீராக அமர்கிறதல்லவா, ஏறக்குறைய அப்படி. 1941-ல் பகிரங்கமாகச் செய்து காட்டினார்கள். நாடா விநாடிக்கு 77 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. ஆயிரம் மீட்டர் நாடாவில் இருபது நிமிடத்துக்கு மேல் பதியலாம். சிம்பொனியின் ஒரு பகுதி முழுவதும் நிறுத்தாமல் அடங்கியது. நள்ளிரவிலும் ஜெர்மன் வானொலியில் முழு இசைக்குழு வாசிப்பதைக் கேட்டு நேசநாட்டுக்காரர்கள் குழம்பினார்கள். போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் இரண்டு கருவிகளை ஊருக்கு எடுத்துப்போனார். பிங் கிராஸ்பி என்ற பாடகர் 1947-ல் தம் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து ஒலிபரப்பினார். நம் வீடுகளுக்கு வந்த ஸ்பூல் டேப்பும் கேசட்டும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான்.

இருட்டில் நின்ற கச்சேரி

ஃபுர்ட்வெங்ளரின் பெர்லின் கச்சேரிகளை வானொலிக்காகப் பதிவு செய்தவர் ஃபிரீட்ரிஹ் ஷ்னாப் என்ற ஒலிப்பதிவாளர். சங்கீத ஞானம் உள்ளவர் என்பதால் இவரை மட்டும் ஃபுர்ட்வெங்ளர் நம்பினார். கூடத்தில் துண்டு துண்டாக வாசிக்க வைக்காமல், சபையில் நடப்பதை நடந்தபடியே பிடித்தார் ஷ்னாப். எனவே ஒலிப்பதிவையே வெறுத்தவரின் சங்கீதம், அவர் விரும்பிய விதத்திலேயே, அதாவது கச்சேரியாகவே நாடாவில் ஏறியது.

1942 முதல் 1945 வரை இப்படிப் பதிவானவற்றைக் கேட்டால் சாதாரணக் கச்சேரி போலவே இருக்காது. அதே பீத்தோவன், அதே பிராம்ஸ். ஆனால் நாளை இந்த அரங்கம் இருக்குமோ இராதோ என்ற பதற்றம் வாசிப்பில் தெரியும். குளிர்காலத்தில் ஜனங்கள் இருமுவதும் கேட்கும். உண்மையாகவே 1944 ஜனவரி 30-ம் தேதி குண்டு வீச்சில் பழைய ஃபில்ஹார்மோனிக் அரங்கம் அழிந்தது. குழு வேறு கூடங்களுக்கு மாறியது. 1945 ஜனவரி 23-ம் தேதி அட்மிரல்ஸ்பலாஸ்ட் என்ற நாடக அரங்கில் கச்சேரி. மோஸார்ட்டின் நாற்பதாவது சிம்பொனி நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. வித்வான்கள் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்த, அரங்கம் இருட்டில் ஆழ்ந்தது. நெடுநேரம் கழித்து விளக்கு வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடராமல், பிராம்ஸின் முதல் சிம்பொனிக்குப் போனார். அதில் கடைசிப் பகுதி மட்டும் நாடாவில் மிஞ்சியிருக்கிறது. போர் முடியுமுன் பெர்லினில் அவர் நடத்திய கடைசிக் கச்சேரி அது. அதன்பின் வியன்னாவில் நடத்திவிட்டு, கைதாகக்கூடும் என்ற நிலையில், பிப்ரவரி முதல் வாரம் ஸ்விட்சர்லாந்துக்குள் நுழைந்தார்.

விசாரணையும் மெனுஹினும்

போருக்குப் பின் அவர் நடத்துவதற்குத் தடை. 1946 டிசம்பரில் பெர்லினில் விசாரணைக் குழு முன் நின்றார். அரசின் ஆலோசகர் பட்டம், கட்சி விழாவில் நடத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் விசாரிக்கப்பட்டன. விடுவிக்கப்பட்டார். 1947 மே 25-ம் தேதி, டிட்டானியா பலாஸ்ட் என்ற திரையரங்கில், பசியும் கந்தலுமாக இருந்த பெர்லின் ஜனங்கள் முன்னிலையில் பீத்தோவனின் ஆறாவதும் ஐந்தாவதும் சிம்பொனிகளை நடத்தினார்.

அவருக்கு ஆதரவாக வந்தவர்களில் முக்கியமானவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். 1952-ல் நேருவின் அழைப்பில் இந்தியா வந்து, பஞ்ச நிவாரணத்துக்காக வாசித்து, பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகம் கற்று, அவரை உலகுக்கே அறிமுகம் செய்த அதே மெனுஹின்தான். யூதரான அவர் போர் முடிந்தவுடன் பெல்ஸன் முகாமில் மீண்டவர்களுக்காக வாசித்தவர். 1947-ல் லூசெர்னிலும் பெர்லினிலும் ஃபுர்ட்வெங்ளரோடு சேர்ந்து வாசித்தார். பெர்லினில் இருந்த யூத அகதிகள் அந்தக் கச்சேரியைப் புறக்கணித்தார்கள். அவர்கள் பட்டதைப் பார்த்தால் அதைத் தவறென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சிகாகோ குழு ஃபுர்ட்வெங்ளரை அழைத்தபோது ஹோரோவிட்ஸ், ரூபின்ஸ்டைன் போன்ற பியானோ மேதைகள் அவர் வந்தால் தாங்கள் வாசிப்பதில்லை என்றார்கள். 1949-ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

1951 ஜூலை 29-ம் தேதி பைராய்ட் விழா மீண்டும் தொடங்கியபோது ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். 1952-ல் கடும் நோய்க்குப் பின் கேட்கும் சக்தி குறைந்தது. சங்கீதக்காரருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. 1954 செப்டம்பரில் பெர்லினில் கடைசியாகத் தம் இரண்டாவது சிம்பொனியை நடத்தினார். நவம்பர் 30-ம் தேதி பாடன் பாடன் அருகே காலமானார். ஹைடல்பர்கில் அடக்கம் செய்தார்கள்.

நாடாக்களின் பயணம்

மனிதர் போனார், நாடாக்களின் கதை தொடர்ந்தது. 1945-ல் பெர்லின் வானொலி நிலையத்தைக் கைப்பற்றிய சோவியத் படையினர், அங்கிருந்த நாடாக்களைப் பெட்டி பெட்டியாக மாஸ்கோவுக்குக் கொண்டு சென்றார்கள். இதற்கிடையில், 1944 டிசம்பரில் வியன்னாவில் வானொலிக்காகப் பதிந்த எரோயிக்கா சிம்பொனியை 1953-ல் யுரேனியா என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் அவர் அனுமதியின்றித் தட்டாக வெளியிட்டது. ஃபுர்ட்வெங்ளர் வழக்குப் போட்டார். தட்டு சந்தையிலிருந்து விலகியது. ஆனால் அதைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. கூடத்தில் அவர் செய்த பதிவுகளைவிட இந்த வானொலி நாடாவில்தான் அவர் முழுதாக இருக்கிறார் என்ற பேச்சு பரவத் தொடங்கியது.

1960-களில் சோவியத் அரசின் மெலோடியா நிறுவனம் மாஸ்கோவில் இருந்த நாடாக்களிலிருந்து தட்டுகள் வெளியிட்டது. அவற்றில் சில மேற்கே வந்து சேர, லண்டனில் யூனிகார்ன் என்ற சிறிய சுயேச்சை நிறுவனம் அவற்றை அங்கே மறுவெளியீடு செய்தது. 1987-ல் நாடாக்களின் நகல்களை சோவியத் அரசு பெர்லின் வானொலிக்குக் கொடுத்தது. 1991-ல் அசல் நாடாக்கள் பெருமளவில் திரும்பின. பின்னர், ஹெர்மன் ஷெர்ஹன் என்ற நடத்துநரின் மகள் மிரியமும் ரெனே டிரெமினும் பிரான்ஸில் நடத்திய தாஹ்ரா என்ற நிறுவனம் வானொலிக் காப்பகங்களைத் துழாவி வெளியீடுகள் செய்தது. 2018-ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவே தன் சொந்தப் பதிப்பில் 1939 முதல் 1945 வரையிலான வானொலிப் பதிவுகளை 22 தட்டுகளாக வெளியிட்டது.

இவற்றில் நான் தனியாகக் குறிப்பிட விரும்புவது ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் உள்ள ஆடிட்டே என்ற நிறுவனத்தை. பெரிய கம்பெனி அல்ல. 1973-ல் தொடங்கி, 2000-லிருந்து லுட்கர் போக்கன்ஹாஃப் என்ற ஒலிப்பதிவு நிபுணரின் பொறுப்பில் நடப்பது. பழைய வானொலி நாடாக்களைத் தேடி வெளியிடுவதில் பெயர் பெற்றது. போருக்குப் பின் பெர்லினின் பழைய வானொலி நிலையம் சோவியத் கையில் இருந்ததால், அமெரிக்கப் பகுதிக்கென்று 1946-ல் ரியாஸ் என்ற நிலையம் ஏற்பட்டது. 1947 முதல் 1954 வரை ரியாஸ் பதிவு செய்த ஃபுர்ட்வெங்ளர் கச்சேரிகள் பல காலமாக நகலின் நகலாகத்தான் சுற்றி வந்தன. நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஆடிட்டே காப்பகத்தில் இருந்த அசல் நாடாக்களையே வாங்கி, சுருதியும் வேகமும் சரிபார்த்து, 2009-ல் 12 குறுந்தகடுகளாகக் கொண்டு வந்தது.

அதில் 1947 மே 25-ம் தேதிக் கச்சேரி இருக்கிறது. மெனுஹினோடு வாசித்த பீத்தோவன் வயலின் கான்செர்ட்டோ இருக்கிறது. எல்லாவற்றையும் விட என் மனதைத் தொட்டது, 1950-லும் 1952-லும் அவர் நடத்திய ஹிண்டெமித்தின் உருப்படிகள். எந்த மனிதருக்காக 1934-ல் பதவிகளை உதறினாரோ, அவருடைய சங்கீதத்தை அதே பெர்லினில், அதே குழுவை வைத்து, யாருடைய அனுமதியும் கேட்காமல் நடத்துகிறார். இதைப் பற்றி அவர் மேடையில் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி, அவ்வளவே.

பைராய்ட் கச்சேரியின் கதையும் இதே பாடம் சொல்கிறது. ஈ.எம்.ஐ. நிறுவனம் 1955-ல் வெளியிட்ட தட்டைத்தான் உலகம் அரை நூற்றாண்டாகக் கேட்டு வந்தது. 2007-ல் மியூனிக் நகரின் ஆர்ஃபியோ நிறுவனம் பவேரிய வானொலியின் நாடாவை வெளியிட்டபோது இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒத்திகைப் பதிவும் பழைய தட்டில் கலந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறினர். 2021-ல் ஸ்வீடன் நாட்டின் பிஸ் நிறுவனம், அன்றிரவு ஸ்வீடிஷ் வானொலி பெற்ற ஒலிபரப்பை, அறிவிப்பாளர் குரல் முதல் கடைசிக் கரவொலி வரை எதையும் வெட்டாமல் வெளியிட்டது. கச்சேரி என்றால் என்ன என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதாடியதற்கு அந்த ஒரு தட்டே சாட்சி.

தீர்ப்பு யார் சொல்வது?

அரசு உத்தியோகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாற்காலியில் இருந்தால்தான் நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும் என்று தங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பொய்யல்ல; ஃபுர்ட்வெங்ளர் விஷயத்திலும் அது பொய்யல்ல. ஆனால் நல்லவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாலேயே அந்த நாற்காலிக்கு மரியாதை கூடுகிறது. அந்த மரியாதையை அதன் மேலே இருப்பவன் எடுத்துக்கொள்கிறான். 1942-ல் கோயபல்ஸ் குலுக்கியது அந்த மரியாதையைத்தான். உதவி பெற்ற வித்வானின் கணக்கில் ஒரு விடையும், முகாமில் உறவினரை இழந்தவரின் கணக்கில் இன்னொரு விடையும் வரும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக்க நமக்கு அதிகாரமில்லை. காஃப்மன் கடல் கடந்து வந்து நமக்கு ஒரு காலை இசையைக் கொடுத்தார். ஃபுர்ட்வெங்ளர் தங்கி, எரியும் நகரத்தில் பிராம்ஸைக் கொடுத்தார். தங்கியதற்கான விலை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதை நாடா அழிக்கவில்லை; மறைக்கவும் இல்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் அலமாரியிலும், அப்பாவோ மாமாவோ வானொலியிலிருந்து பதிந்து வைத்த கச்சேரி ஸ்பூல்களும் கேசட்டுகளும் இருக்கலாம். நாடாவில் பூஞ்சை ஏறும், ஒட்டுப்பசை பிசுபிசுக்கும், பூச்சு உதிரும். நன்றாக ஓடும் கருவி கிடைக்கும்போதே, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு கணினியில் ஏற்றிவிடுங்கள். தேதியும் ஊரும் பக்கவாத்தியக்காரர்கள் பெயரும் தெரிந்தால் எழுதி வையுங்கள். இருமலையும் அறிவிப்பாளர் குரலையும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மாஸ்கோவுக்குப் போன பெட்டிகளில் என்ன இருந்தது என்பது அவற்றைத் தூக்கிப் போனவர்களுக்கும் தெரியாது. காப்பாற்றி வைத்ததால்தான் பிற்பாடு ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆடிட்டே என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள், கேளுங்கள் என்பதே.